கட்டுரையில் யார் யார் பெயர்? பாட்டுக்கு யார் ஆசிரியர்?

கேள்வி:

என் முதுமாணி ஆய்வு, நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியாக் கரைகளில் கரைவலை இழுக்கும் குடும்பங்களின் வருமானம் பற்றியது. வீடு வீடாகப் போய் 180 வினாக்கொத்துகளை நிரப்பியது நான். வரைவை எழுதியதும் நான்தான். தலைப்பும் ஆய்வு முறையும் மேற்பார்வையாளர் சேர் தந்தவை. வரைவை இரண்டு தடவை நன்றாகத் திருத்தியும் தந்தார். பிற்செலவுப் பகுப்பாய்வை, அதாவது வருமானம் எவற்றைப் பொறுத்து மாறுகிறது என்ற புள்ளிவிபரக் கணிப்பை, என் தோழி செய்தாள். இப்போது அதைக் கட்டுரையாக ஓர் ஆய்விதழுக்கு அனுப்பப்போகிறோம். சேர் தன் பெயரை முதலாவதாகவும், துறைத்தலைவரின் பெயரை இரண்டாவதாகவும், என் பெயரை மூன்றாவதாகவும் போடச் சொல்கிறார். தோழிக்கு நன்றியுரை போதுமாம். எழுத்துத் திருட்டைச் சோதிக்க எடுக்கும் ஒப்புமை அறிக்கையில் 24 வீதம் வந்திருக்கிறது. அப்படியென்றால் 76 வீதந்தான் என் எழுத்தா? ஆங்கிலத்தைத் திருத்த சட்ஜிபிடியைப் பாவித்தேன், அதைச் சொல்ல வேண்டுமா? இன்னொன்று: வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளைக் களத்தில் ஒரு பெரியவர் பாட, அவற்றைத் தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். சிறு நூலாக்க ஆசை. 'எழுதியவர்' என்று என் பெயரைப் போடலாமா?

— பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டுரை இன்னும் அனுப்பப்படவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு ஆறுதல் தந்த செய்தி அதுதான். அனுப்புமுன் ஆசிரியர் பட்டியலைத் திருத்த ஒரு பேச்சு போதும். அனுப்பிய பின் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வரிசையை மாற்றவோ வேண்டுமென்றால், பட்டியலில் உள்ள எல்லோருடைய எழுத்துமூலச் சம்மதத்தையும் பெரும்பாலான ஆய்விதழ்கள் கேட்கும். தகராறு என்று போனால் இதழ் தீர்ப்புச் சொல்லாது. 'உங்கள் நிறுவனமே விசாரித்து முடிவு சொல்லட்டும்' என்று திருப்பி அனுப்பிவிடும், கட்டுரை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இரண்டு கேள்விகள் இங்கே ஒன்றாய்க் கலந்து நிற்கின்றன. பட்டியலில் யார் இருக்கலாம் என்பது ஒன்று. இருப்பவர்கள் எந்த வரிசையில் நிற்பது என்பது மற்றது. முதலாவதற்கு விதி உண்டு. இரண்டாவதற்கு வழக்கம்தான் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பேசினால் பேச்சு 'எனக்கு எத்தனையாவது இடம்' என்பதிலேயே சிக்கிக்கொள்ளும், இருக்கவே கூடாத பெயர் நடுவில் பத்திரமாக இருந்துவிடும்.

விதியைப் பார்ப்போம். மருத்துவ ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களின் சர்வதேசக் குழு 1978இல் வன்கூவரில் கூடித் தொடங்கியது. அதன் அறிவுறுத்தல்களைப் பிற துறை இதழ்கள் பலவும் அப்படியே அல்லது சிறு மாற்றத்துடன் எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆசிரியர் எனப்பட நான்கு நிபந்தனைகள். ஆய்வின் கருத்தாக்கத்திலோ வடிவமைப்பிலோ, தரவைத் திரட்டுவதிலோ, பகுத்து விளக்குவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அதன் அறிவுசார் உள்ளடக்கத்தை ஊன்றித் திருத்தியிருக்க வேண்டும். இறுதிப் பிரதியைப் பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையில் பிழையோ சந்தேகமோ எழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். இந்த நாலாவது நிபந்தனை 2013இல்தான் சேர்க்கப்பட்டது. நான்கும் ஒருங்கே வேண்டும், ஒன்று குறைந்தால் நன்றியுரைதான்.

இதை உங்கள் நால்வருக்கும் பொருத்திப் பாருங்கள். நீங்கள் தரவு திரட்டினீர்கள், எழுதினீர்கள், ஒப்புதலும் பொறுப்பும் உங்களுடையவை. சந்தேகமே இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: 180 வீடுகள் ஏறி இறங்கியது மட்டும் உங்களை ஆசிரியர் ஆக்கவில்லை. கூலிக்கு வினாக்கொத்து நிரப்பித் தருபவர் ஆசிரியர் அல்லர். அந்த உழைப்போடு எழுத்தும் சேர்ந்ததால்தான் உங்களுக்கு அந்த உரிமை. மேற்பார்வையாளரும் ஐயத்துக்கு இடமின்றி ஆசிரியரே. தலைப்பும் முறையியலும் அவருடையவை, வரைவை உண்மையாகவே திருத்தியிருக்கிறார். கோபத்தில் அவர் பங்கைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள். அது நியாயமும் இல்லை, உங்கள் வாதத்துக்கும் கேடு.

துறைத்தலைவர் என்ன செய்தார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அனுமதிக் கடிதத்தில் ஒப்பம் வைத்தது, நிதி பெற்றுத் தந்தது, துறையைப் பொதுவாக மேற்பார்வை செய்வது ஆகியவை தனித்து நின்றால் ஆசிரியர் உரிமை தருவதில்லை என்று அந்த அறிவுறுத்தல்களே சொல்கின்றன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்கக்கோவை இன்னும் வெளிப்படை. துறைத்தலைவர் போன்ற பதவியில் இருப்பது மட்டும் ஆசிரியர் இடத்துக்குக் காரணம் ஆகாது என்று பதவியின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். இப்படி மரியாதைக்காகச் சேர்க்கும் பெயருக்கு 'நன்கொடை ஆசிரியர்' என்று ஆய்வுலகில் பெயர்.

தோழியின் விடயம்தான் நுணுக்கமானது. நீங்கள் எழுதிக் கொடுத்த கட்டளைகளை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் ஓட்டி அட்டவணையைத் தந்தாளா? அப்படியானால் நன்றியுரை சரி. அல்லது, வருமானம் ஒருசில சம்மாட்டிமாரிடம் (வலை உடைமையாளர்களிடம்) குவிந்து கிடப்பதால் மடக்கை (log) எடுக்க வேண்டும், இந்த மாறியை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்து, முடிவுகளுக்கு விளக்கமும் சொன்னாளா? அப்படியானால் முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. அவள் எழுதவில்லை என்று காரணம் காட்டி ஒதுக்க முடியாது. முதல் நிபந்தனையை நிறைவுசெய்தவருக்கு வரைவைப் படித்துத் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே அறிவுறுத்தல்களில் உண்டு. வரைவை அவளுக்கு அனுப்பி, முறையியலும் முடிவுகளும் வரும் பகுதிகளை எழுதவோ திருத்தவோ கேளுங்கள். மதிப்பீட்டாளர் பகுப்பாய்வைப் பற்றிக் குடைந்து கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் உங்களில் யார் என்று யோசித்தாலே விடை வந்துவிடும்.

இனி வரிசை. பொருளியலிலும் கணிதத்திலும் பெயர்களை அகரவரிசையில் போடுவது பெருவழக்கு, அங்கே முதற்பெயருக்குத் தனிப்பெருமை இல்லை. ஆய்வுகூட விஞ்ஞானங்களில் வேலை செய்தவர் முதலிலும் ஆய்வை வழிநடத்தியவர் கடைசியிலும் வருவர், கடைசி இடம் அங்கே கௌரவமான இடம். சமூக விஞ்ஞானங்களில் பெரும்பாலும் பங்கு குறையும் வரிசை. மாணவரின் ஆய்வேட்டிலிருந்து பிறக்கும் கட்டுரைக்கு மாணவரே முதலாசிரியர் என்பது பரவலான வழக்கம். மேலே சொன்ன ஒழுக்கக்கோவை கலாநிதி ஆய்வேட்டுக்கு இதை வெளிப்படையாகவே விதித்திருக்கிறது. உங்களுடையது முதுமாணி என்றாலும் அதன் நியாயம் இங்கும் பொருந்தும்.

சேர் ஏன் முதலிடத்தைக் கேட்கிறார், தலைவரை ஏன் சேர்க்கிறார் என்பதற்கு விடை பெரும்பாலும் அளவீட்டில் இருக்கிறது. பதவி உயர்வுப் படிவங்களில் கட்டுரைகளுக்குப் புள்ளி உண்டு. ஒரே கட்டுரையை எண்ணும் முறைகளோ பல. முழு எண்ணிக்கை முறையில் மூவர் எழுதினால் மூவருக்கும் ஒவ்வொரு முழுக் கட்டுரை. பங்கு முறையில் ஆளுக்கு மூன்றில் ஒன்று, அதாவது 33 வீதம். இசைவரிசை முறையில் முதல்வருக்கு 1, அடுத்தவருக்கு அரை, அடுத்தவருக்கு மூன்றில் ஒன்று என்று வைத்து மொத்தத்தால் வகுப்பார்கள். மூவர் என்றால் ஏறத்தாழ 55, 27, 18 வீதம். சேர் சொல்லும் வரிசையில் உங்கள் பங்கு 18. துறைத்தலைவர் இல்லாமல் நீங்களும் சேருமாக இருவர் என்றால், முதலில் நிற்பவருக்கு 67, அடுத்தவருக்கு 33. தோழியும் ஆசிரியராகி நீங்கள் முதல், அவள் இரண்டு, சேர் மூன்று என்று வந்தால் அந்த 18 சேருக்குப் போகும். கடைசி இடத்துக்கு மதிப்பில்லாத துறையில் அவர் அதை விரும்பாதது விளங்கக்கூடியதே.

நன்கொடைப் பெயர்கள் ஏன் இவ்வளவு தாராளமாகப் பெருகுகின்றன என்பதும் இங்கேதான் விளங்கும். முழு எண்ணிக்கையில் ஒரு பெயரைக் கூடுதலாகச் சேர்த்தால் யாருக்கும் ஒரு சதமும் குறையாது. 2005இல் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹேர்ஷ் முன்வைத்த எச்-சுட்டெண்ணும் அப்படித்தான். ஒருவருக்கு எச்-சுட்டெண் 5 என்றால், குறைந்தது ஐந்து தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஐந்து அவருக்கு உண்டு என்று பொருள். அவர் முதலாமவரா மூன்றாமவரா, உடன் எத்தனை பேர் என்பதை அது பார்ப்பதேயில்லை. ஹிக்ஸ் துகளின் திணிவை அளந்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். அந்த 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களுமே. முழு எண்ணிக்கையில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் அது ஒரு முழுக் கட்டுரை. அங்கே அது ஒரு மாபெரும் கூட்டுழைப்பின் நேர்மையான பட்டியல். ஆனால் அதே கணக்கு, வேலை செய்யாதவர் பெயரையும் செலவில்லாமல் உள்ளே விடுகிறது. ஆசிரியர் இடம் என்பது புகழும் பொறுப்பும் சேர்ந்த ஒன்று. சுட்டெண்கள் அதன் புகழ்ப் பாதியை மட்டுமே அளக்கின்றன என்பதே என் பெரிய குறை. பிழை வெளிவரும் நாளில்தான் மற்றப் பாதி நினைவுக்கு வருகிறது.

ஆகவே சேரிடம் பேசும்போது பெயர்களிலிருந்து தொடங்காதீர்கள், வேலைகளிலிருந்து தொடங்குங்கள். இதற்கென்றே 14 பங்களிப்புகளைக் கொண்ட வகைப்பாடு ஒன்று இருக்கிறது, 'கிரெடிட்' என்பார்கள். 2022இல் அமெரிக்காவில் அது முறையான தரநிலையாகவும் ஆகிவிட்டது. கருத்துருவாக்கம், முறையியல், கள ஆய்வு, தரவுப் பராமரிப்பு, புள்ளிவிபரப் பகுப்பாய்வு, மென்பொருள், சரிபார்ப்பு, காட்சிப்படுத்தல், வளங்கள், நிதி பெறல், மேற்பார்வை, திட்ட நிர்வாகம், முதல் வரைவு எழுதல், மீளாய்வும் திருத்தமும். ஒரு எக்செல் தாளில் இவற்றை இடப்பக்கம் எழுதி, மேலே நான்கு பெயர்களையும் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் 'முதன்மை', 'சமம்', 'துணை' அல்லது வெற்று என்று நிரப்புங்கள். இந்த வகைப்பாடு யார் ஆசிரியர் என்று தீர்மானிப்பதில்லை, யார் என்ன செய்தார் என்று மட்டுமே காட்டும். ஆனால் ஒருவரின் நிரல் முழுதும் வெறுமையாக இருக்கும்போது நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பல இதழ்கள் இந்தக் கூற்றைக் கட்டுரையோடு அச்சிடவும் செய்கின்றன, எனவே எப்படியும் நிரப்பத்தான் வேண்டும்.

மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

"சேர், வணக்கம். கட்டுரையை அனுப்பும்போது இதழ் ஒவ்வொருவரின் பங்களிப்பையும் கேட்கக்கூடும். அதற்கான அட்டவணையை நிரப்பி இணைத்திருக்கிறேன். எங்காவது பிழையிருந்தால் திருத்தித் தாருங்கள். தலைவர் சேரின் பங்கை எந்த இடத்தில் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர்களாக இருப்பவர்கள் எல்லோரும் தரவுக்குப் பொறுப்பேற்று ஒப்பமிட வேண்டியும் வரலாம். என் ஆய்வேட்டிலிருந்து வருவதால் முதலாசிரியராக நானும், தொடர்புக்குரிய ஆசிரியராக நீங்களும் இருக்கலாமா என்று கேட்க விரும்புகிறேன். இந்தக் கிழமை நேரம் தந்தால் நேரில் வந்து கதைக்கிறேன்."

நேரில் கதைத்தால் அன்றே 'இன்று பேசியபடி' என்று தொடங்கி முடிவுகளை மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். வட்ஸ்அப் குரல்பதிவில் முடித்த உடன்பாடு பிறகு கைக்கு அகப்படாது. தேதியிட்ட வரைவுகள், கூகுள் ஆவணத்தின் திருத்த வரலாறு, நிரப்பிய வினாக்கொத்துகள், களக் குறிப்பேடு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

சேர் இணங்கத் தயங்கினால் இடைவழிகள் உண்டு. சம முதலாசிரியர்கள் என்று அடிக்குறிப்பு இடலாம். அது முழுத் தீர்வல்ல, மேற்கோள் காட்டுபவர்கள் முதற்பெயரைத்தான் சொல்வார்கள். அதைவிட நல்ல வழி, இதே தரவிலிருந்து இரண்டாவது கட்டுரை. கடன்பட்ட குடும்பங்கள், பங்கு பிரிக்கும் முறை போன்ற வேறொரு கேள்வியை அவர் முன்நின்று எழுதட்டும், அங்கே அவர் முதலாசிரியர். செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. அவரை விட்டுவிட்டு உங்கள் பெயரில் மட்டும் வேறொரு இதழுக்கு அனுப்பிவிடாதீர்கள். தகுதியுள்ளவரை மறைப்பதும் தகுதியற்றவரைச் சேர்ப்பதும் ஒரே அளவு தவறு. உங்கள் ஒப்புதல் இல்லாமல் உங்கள் பெயரோடு அவரும் அனுப்ப முடியாது. அந்த ஒப்புதலைப் பணிவாக நிறுத்திவைத்து, பட்டப்பின் படிப்புகளுக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் ஆலோசனை கேட்பது உங்கள் உரிமை.

உங்கள் பெயரைப் பற்றியும் ஒரு சொல். நம் பெயர்கள் தரவுத்தளங்களில் சிதறுவது வழமை. தகப்பன் பெயர் குடும்பப்பெயராகிவிடும், ஒரு கட்டுரையில் முதலெழுத்து, மற்றதில் முழுப்பெயர், கல்யாணத்துக்குப் பின் வேறொன்று. சிவராசா என்ற பெயரையே ஆங்கிலத்தில் பல மாதிரி எழுதுகிறோம். ஒரு வடிவத்தைத் தீர்மானித்து அதையே எப்போதும் எழுதுங்கள். ஓர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் இலக்கத்தை இலவசமாகப் பெற்று ஒவ்வொரு கட்டுரையோடும் இணையுங்கள்.

24 வீதத்துக்கு வருவோம். அது உங்கள் எழுத்தின் விகிதமே அல்ல. உங்கள் சொற்றொடர்களில் எவ்வளவு அந்த மென்பொருளின் களஞ்சியத்தில் உள்ள எழுத்தோடு பொருந்துகிறது என்பதுதான் அது. உசாத்துணைப் பட்டியலும் மேற்கோள் குறிக்குள் இருப்பவையும் கணக்கில் சேர்ந்திருந்தால் அவற்றை விலக்கி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மொத்தத்தை விட்டுவிட்டு மூலங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். பல மூலங்களில் ஒவ்வொரு வீதம் சிதறியிருந்தால் பெரும்பாலும் 'தரவுகள் வினாக்கொத்து மூலம் பெறப்பட்டன' போன்ற பொதுவரிகள். ஒரே மூலத்தில் 9, 10 வீதம் என்றால் அந்தப் பந்தியைத் திறந்து மீள எழுதியே ஆக வேண்டும். அந்த மூலம் உங்கள் சொந்த ஆய்வேடாகவும் இருக்கலாம். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் அது ஏறியிருந்தால் கட்டுரை அதனோடு பொருந்தும். 'இது என் முதுமாணி ஆய்வேட்டிலிருந்து பெறப்பட்டது' என்று பதிப்பாசிரியருக்கான கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இன்னொருவர் கருத்தைச் சொல் மாற்றித் திருடினால் அறிக்கை பூச்சியம் காட்டவும் கூடும் என்பதால், குறைந்த வீதம் நேர்மைக்குச் சான்றும் அல்ல.

சட்ஜிபிடி பற்றி: சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி பொறுப்பேற்க முடியாது, ஆகவே ஆசிரியர் ஆக முடியாது என்று பதிப்பு ஒழுக்கக் குழுவும் மேற்சொன்ன மருத்துவ இதழ்க் குழுவும் 2023இல் அறிவித்துவிட்டன. கருவியின் பெயரையும் மொழித் திருத்தத்துக்கு மட்டும் பாவித்ததையும் இதழ் கேட்கும் இடத்தில் எழுதுங்கள். திருத்திய ஒவ்வொரு வரியையும் உங்கள் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'தொடர்பு உள்ளது' என்று நீங்கள் எழுதியது 'காரணமாகிறது' என்று மாறி வந்திருக்கலாம், அந்தப் பிழைக்குப் பொறுப்பு உங்களுடையது.

அம்பாப் பாட்டு வேறொரு உலகம். 'எழுதியவர்' என்று உங்கள் பெயரைப் போடக் கூடாது, நீங்கள் எழுதவில்லை. அதற்காக உங்கள் பெயருக்கு இடமில்லை என்றும் இல்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். பதிப்பாசிரியர் என்றே இன்றும் அறியப்படுகிறார், அதனால் அவர் பெருமை குறையவில்லை. நீங்கள் தொகுப்பாசிரியர். பாட்டுகளைத் தெரிந்து வரிசைப்படுத்திய முறையும் முன்னுரையும் குறிப்புகளும் உங்கள் ஆக்கம்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதை ஆள்கிறது. பதிவு எதுவும் தேவையில்லை, ஆக்கியவுடனே உரிமை பிறந்துவிடும். ஆக்கியோனின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் பொருளாதார உரிமை நீடிக்கும். தன் பெயரால் அறியப்படுவதும் ஆக்கத்தைச் சிதைப்பதை எதிர்ப்பதும் ஒழுக்க உரிமைகள், 10ஆம் பிரிவு சொல்வது. பொருளாதார உரிமையை விற்றாலும் இவை ஆக்கியவரிடமே தங்கும். வழிவழியாக வந்த பாட்டுக்குத் தனி ஆசிரியர் இல்லை. சட்டம் அதை நாட்டாரியல் வெளிப்பாடு என்று வேறாக வைக்கிறது. எந்தச் சமூகத்திடமிருந்து, எந்த ஊரிலிருந்து பெற்றதென்று குறிப்பிடுவது அங்கே கடமை. விற்பனைக்கு அச்சிடுவதானால் அனுமதி பற்றி ஒரு சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆனால் அம்பா பாடுபவர் வலையின் கனத்துக்கும் ஆட்களின் களைப்புக்கும் ஏற்ப அந்த நேரத்திலேயே வரி கட்டுவதும் உண்டு. பெரியவர் தானே கட்டிய வரிகளுக்கு அவர்தான் ஆசிரியர், அங்கே அவர் பெயர் வர வேண்டும். பதிவுசெய்த குரலுக்கும் தனி உரிமை உண்டு, அது பாடியவருடையது.

எனவே ஒவ்வொரு பாட்டின் கீழும் பாடியவர், ஊர், பதிந்த தேதி, யாரிடம் கேட்டுப் பழகியது, எந்த வரிகள் அவர் சொந்தமாகக் கட்டியவை என்று எழுதுங்கள். இந்தக் கடைசி விபரத்தை அவரிடம் கேட்காமல் தெரியாது, மறுபடி போய்க் கேளுங்கள். அச்சிடவும், பெயர் போடவும், குரலை இணையத்தில் ஏற்றவும் சம்மதமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு அவர் குரலிலேயே பதியுங்கள். ஒன்றுக்குத் தந்த சம்மதம் மற்றதற்கு ஆகாது. நூல் விற்றுக் காசு வந்தால் அவருக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அச்சுக்குப் போகுமுன் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கே சொல் பிசகியது, எந்த வரி முன்பின்னாகிவிட்டது என்று அவரால்தான் திருத்த முடியும்.